ஒரு வயிற்று நெல்லும் ஊருக்கொரு மகசூலும்

ஒரே தாய் வயிற்றிற் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே சுபாவம் உடையவர்களாயிருப்பதில்லை. ஒருவன் நல்ல காலத்தில் நாலு பேருக்குச் சமானமாக உழைப்பான். கஷ்டகாலம் வந்தால் சோர்ந்து படுத்துவிடுவான். மற்றொருவன் எக்காலத்திலும் மிகுதியாகச் சம்பாதிப்பவன் அல்லன். ஆயினும் பஞ்சம் வந்த வருஷத்திலும் வீட்டில் அடுப்பு அணையவிடமாட்டான். நெல் வகைகளும் இப்படியே. ஒரே பெற்றோரிடமிருந்து பிறந்து, பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் இரண்டு வகைகள் ஒரு வயலில் ஒரே அளவு கண்டு, அடுத்த ஊர் வயலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் காட்டுவதுண்டு.

இது விஞ்ஞானிகள் மாத்திரம் யோசிக்கவேண்டிய விஷயமன்று. தென்காசிப் பக்கத்தில் ஒரு வயலில் ஒரு பிசானத்தில் கண்ட அமோகமான மகசூலைக் கேள்விப்பட்டு, அடுத்த காருக்கு ஊர் முழுவதும் அந்த ஒரே நெல்லை விதைத்து, சாரலிலும் காற்றிலும் பாதியைப் பறிகொடுத்தால், அந்த நஷ்டம் விவசாயியின் தலையில்தான் விழும். கடன் வாங்கி நட்ட பயிரானால், ஒரு போகத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப மூன்று போகம் வேண்டியிருக்கும். ஆகையால் ஒரு வகை "எவ்வளவு விளையும்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எங்கே, எந்தப் போகத்தில், எவ்வளவு குறையாமல் விளையும்?" என்றும் கேட்கப் பழகவேண்டும். இந்தக் கட்டுரையின் கருத்து இதுவே.

ஒரு ஜில்லா, பல சீதோஷ்ணம்

2019ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான தென்காசி, பரப்பிற் பெரியதன்று. ஆனாலும் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வேற்றுமை வெகு அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு நேரே உள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது. அதனால் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை, இலஞ்சி முதலிய அடிவாரக் கிராமங்களில் சாரல் விழுந்துகொண்டேயிருக்கிறது. வெளியூரார்க்கு அது "சீசன்". அடிவாரத்து விவசாயிக்கு அதுவே கார்ப் போகம்.

தென்காசியைத் தாண்டிக் கிழக்கே கீழப்பாவூர், சுரண்டை, வீரகேரளம்புதூர் என்று போகப்போகச் சாரல் குறைந்து, காற்று மாத்திரம் மிஞ்சுகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றின் வேகத்துக்குச் சாட்சி. இங்குள்ள நஞ்சைகளில் பல சிற்றாற்று நீரையும் அந்நீர் நிரப்பும் குளங்களையும் நம்பியவை. சிற்றாற்றின் துணையாறுகளில் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி அணைகள் இருந்தபோதிலும், தாமிரபரணிக்குப் பாபநாசம் அணை இருப்பதுபோன்ற பெருந்தேக்கம் சிற்றாற்றுக்கு இல்லை. மலையில் சாரல் தவறினால் கால்வாயின் தலைமடையில் நீர் சுருங்கும், கடைமடையில் நின்றேவிடும். இன்னும் வடகிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் சென்றால், கரிசல் நிலமும் மானாவாரியும் மிகுதி. அங்கே நெல் என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையிற் குளம் பெருகினால் நடும் பிசானமே.

போகங்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. கார்ப் பயிர் மேகமூட்டத்திலும் தூறலிலும் வளர்ந்து, ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகிறது. கதிர் உருவாகும் நாள்முதல் மணி முற்றும் வரை கிடைக்கும் வெயிலே நெல்லின் எடையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அடிவாரத்தில் காருக்கு அந்த வெயில் போதுமான அளவில் கிடைப்பதில்லை. இலை நெடுநேரம் ஈரமாயிருப்பதால் குலைநோய்க்கும் வசதி ஏற்படுகிறது. பிசானமோ வடகிழக்கு மழையில் நடப்பட்டு, மழை விட்டபின் தை, மாசி வெயிலில் மணி பிடிக்கிறது. ஆனால் மார்கழி, தை மாதத்துப் பனி இரவுகளில் அப்போகத்திலும் குலைநோய் தலைகாட்டும்.

இவ்வாறு ஒரே ஜில்லாவுக்குள் சாரல் கார், கடைமடைக் கார், அடிவாரப் பிசானம், குளத்துப் பிசானம் என நாலு விதமான சூழ்நிலைகள் இருக்கின்றன. ஒரே நெல்லுக்கு இந்த நாலும் நாலு தேசங்களைப் போன்றவை.

அம்பை வகைகளின் குடும்ப விருத்தாந்தம்

தென்னிந்தியாவில் நெல் ஆராய்ச்சி 1912இல் கோயம்புத்தூரிலும், 1922இல் ஆடுதுறையிலும், 1937இல் அம்பாசமுத்திரத்திலும் ஏற்பட்ட நிலையங்களால் வளர்ந்தது. அம்பாசமுத்திரம் நிலையத்திலிருந்து வெளிவந்த வகைகளை இந்தப் பக்கத்து விவசாயிகள் சுருக்கமாக "அம்பை" என்றே அழைப்பார்கள். அவற்றுள் 1986இல் வெளியான அம்பை 16, 1991இல் வெளியான அம்பை 18 என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

இவ்விரண்டுக்கும் தாய் ஒன்றே. அது ஆடுதுறை 31. தந்தை வேறு. அம்பை 16க்குத் தந்தை கோயம்புத்தூரில் உண்டான கோ 39. அம்பை 18க்குத் தந்தை பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 50. ஆடுதுறை 31ஓ, 1966இல் உலகெங்கும் பரவத்தொடங்கிய குட்டை நெல்லான ஐ.ஆர். 8இன் பிள்ளை. இரண்டும் குறுகிய வயதுடையவை. அம்பை 16 சுமார் 110 முதல் 115 நாளிலும், அம்பை 18 சுமார் 105 முதல் 110 நாளிலும் அறுவடைக்கு வரும். அரிசியில் மாத்திரம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அம்பை 16 குட்டையான குண்டு அரிசி. இட்லிக்கு ஏற்றதென்று கடைத்தெருவில் பெயர் பெற்றது. அம்பை 18 அதனிலும் சன்னமானது.

இந்த உறவு முறையில் ஒரு விசேஷம் உண்டு. தந்தையர் இருவருமே குலைநோய்க்கு எளிதில் இரையாகிறவர்கள். ஐ.ஆர். 50ஐக் குலைநோய்ப் பரீட்சைகளில், "நோய் வந்திருக்கிறதா?" என்று காட்டும் அடையாளப் பயிராகவே நட்டிருக்கிறார்கள். கோ 39இன் கதை இன்னும் வியப்பானது. பிலிப்பைன்ஸ் நிலையத்து விஞ்ஞானிகள் அதன் பலவீனத்தையே ஒரு கருவியாக்கினார்கள். நோயைத் தாங்கும் வேறு வகைகளோடு கோ 39ஐச் சேர்த்து, பிறந்த சந்ததியைத் திரும்பத் திரும்பக் கோ 39உடனேயே ஒட்டி, நோய் தாங்கும் மரபுக்கூறு ஒன்று மாத்திரம் வேறாகவும் மற்றவையெல்லாம் கூடியவரை ஒன்றாகவும் உள்ள சகோதர வரிசைகளை உண்டாக்கினார்கள். 1992இல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

இவ்வரிசைகளைப் பல இடங்களில் நட்டுப் பார்த்தால், ஓரிடத்தில் நோயின்றி நிற்கும் வரிசை மற்றோரிடத்தில் வாடிச் சாகக்கூடும். காரணம், குலைநோயை உண்டாக்கும் பூஞ்சணத்திலேயே பல இனங்கள் உள்ளன. ஓரிடத்து இனத்தைத் தடுக்கும் மரபுக்கூறு மற்றோரிடத்து இனத்தைத் தடுப்பதில்லை. ஒரே ஒரு கூறு வேறானதற்கே பயிரின் தலைவிதி இடத்துக்கிடம் மாறுமானால், பாதிக் குடும்பமே வேறாயுள்ள அம்பை 16உம் 18உம் எல்லா வயலிலும் ஒன்றுபோல் நடக்கும் என்று எப்படி எதிர்பார்க்கலாம்?

பெற்றோரின் குறை பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை. கலப்புச் செய்தபின் ஒவ்வொரு சந்ததியும் தாய், தந்தை இருவரின் குணங்களிலும் வெவ்வேறு பங்கை எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் நல்லவற்றைப் பொறுக்கி, பல தலைமுறை தனித்தனியே வளர்த்து, குணம் நிலைத்தபின்னரே ஒரு வகைக்குப் பெயரிடுகிறார்கள். எந்தப் பங்கு எந்தப் பிள்ளைக்கு வந்ததென்பதைச் சாதக நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வயலிற் பார்த்தே சொல்லவேண்டும். வந்த குறையை நீக்கவும் வழி தேடப்பட்டு வருகிறது. குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல், இலையுறைக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் மரபுக்கூறுகளை அம்பை 16இலும், ஐ.ஆர். 50இன் பிள்ளையாகிய ஆடுதுறை 43இலும் ஒருங்கே சேர்த்த ஆராய்ச்சி 2020இல் வெளியிடப்பட்டது.

நிலையான மகசூல் என்பது என்ன?

"நிலையான மகசூல்" என்ற சொல்லைப் பலர் தவறாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள். எங்கு நட்டாலும் ஏக்கருக்குப் பத்து மூட்டைக்கு மேல் காணாத நெல்லும் ஒருவிதத்தில் நிலையானதுதான்; அதை யாரும் விரும்பமாட்டார்கள். நல்ல இடத்தில் நன்றாகவும், கெட்ட இடத்தில் மற்றவற்றைவிடக் குறைவாய் நஷ்டப்பட்டும், எதிர்பாராத பள்ளத்தில் விழாமலும் நிற்பதே பயனுள்ள நிலைத்த தன்மை.

இதை அளப்பதற்கு ஒரு நேர்த்தியான முறை 1963இல் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்தது. பின்லே, வில்கின்சன் என்னும் இருவர் 277 பார்லி வகைகளைப் பல இடங்களிலும் பல வருஷங்களிலும் விதைத்துப் பார்த்தார்கள். மண், மழை, வெயில் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்துகொண்டிராமல், ஓரிடத்தில் எல்லா வகைகளும் கண்ட சராசரி மகசூலையே அவ்விடத்தின் நன்மை தின்மைக்கு அளவுகோலாக வைத்தார்கள். பிறகு அந்தச் சராசரி ஏறும்போது ஒவ்வொரு வகையும் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். பயிரே நிலத்துக்குத் தராசாயிற்று. 1966இல் அமெரிக்காவில் எபர்ஹார்ட், ரஸ்ஸல் என்பவர்கள் இன்னொரு அளவையும் சேர்த்தார்கள்: அந்தக் கணக்கிலிருந்து ஒரு வகை எவ்வளவு தடம் புரளுகிறது என்பது. ஏறுவதும் இறங்குவதும் முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்றபடி நடந்துகொள்ளலாம்; திடீரென்று புரளும் வகையை நம்புவது கடினம்.

ஒரு மாதிரிக் கணக்கு

முறையை விளக்குவதற்காக மாத்திரம் கற்பனையான எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை எந்த வகையின் உண்மையான மகசூலும் அல்ல. உடன்பிறந்த மூன்று வகைகளை நாலு சூழ்நிலைகளில் நட்டு, ஏக்கருக்குக் கிலோவில் கண்டது பின்வருமாறு என்று வைத்துக்கொள்வோம்:

அடிவாரச் சாரல் கார்: முதல் வகை 1400, இரண்டாம் வகை 1800, மூன்றாம் வகை 1600, சராசரி 1600.
அடிவாரப் பிசானம்: முதல் வகை 2800, இரண்டாம் வகை 2200, மூன்றாம் வகை 2500, சராசரி 2500.
கடைமடைக் கார்: முதல் வகை 1200, இரண்டாம் வகை 1700, மூன்றாம் வகை 1450, சராசரி 1450.
குளத்துப் பிசானம்: முதல் வகை 2200, இரண்டாம் வகை 1900, மூன்றாம் வகை 2050, சராசரி 2050.

ஒவ்வொரு வகையின் நாலு எண்களையும் கூட்டினால் மூன்றுக்கும் 7600 கிலோவே வருகிறது, சராசரி 1900. சராசரியை மாத்திரம் பார்க்கிறவர், "மூன்றும் சமம், எதை வேண்டுமானாலும் விதைக்கலாம்" என்பார். ஆனால் இடத்தின் சராசரி 100 கிலோ உயரும்போது முதல் வகை சுமார் 156 கிலோ உயருகிறது. இரண்டாவது சுமார் 44 கிலோவே உயருகிறது. மூன்றாவது சரியாக 100 கிலோ. இறங்கும்போதும் அதே வேகந்தான். முதல் வகை நல்ல இடத்துக்கு நல்ல பிள்ளை. கெட்ட இடத்தில் முதலில் விழுவதும் அதுவே. இரண்டாவது பெரிய லாபம் காட்டாது; பெரிய நஷ்டமும் செய்யாது. மூன்றாவது இடத்துக்குத் தக்கபடி நடக்கும்.

இனிச் செலவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உழவு, நாற்று, நடவு, உரம், அறுப்பு எல்லாம் சேர்ந்து 1500 கிலோ நெல்லின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையைப் பயிரிட்டவருக்கு நாலில் இரண்டு வயல்களில் கைநஷ்டம். மூன்றாம் வகைக்கு ஒன்றில் நஷ்டம். இரண்டாம் வகைக்கு ஒன்றிலும் இல்லை. சராசரி சமமாயிருந்தும் குடும்பத்தின் கதி சமமாயில்லை.

இன்னொரு பாடமும் இதிலேயே இருக்கிறது. இரண்டு பிசான வயல்களுக்கு முதல் வகையையும், இரண்டு கார் வயல்களுக்கு இரண்டாம் வகையையும் இட்டால், மொத்தம் 2800, 2200, 1800, 1700 சேர்ந்து 8500 கிலோ ஆகிறது. சராசரி 1900இலிருந்து 2125க்கு ஏறுகிறது. கூடுதல் உரமில்லை, கூடுதல் தண்ணீரில்லை. விதையை இடம் பார்த்து மாற்றியதால் மாத்திரம் ஏக்கருக்கு 225 கிலோ அதிகம். எந்த வகை சிறந்தது என்ற கேள்வியைவிட, எந்த வகை எந்த வயலுக்கு என்ற கேள்வியே லாபகரமானது.

ஊர் முழுதும் ஒரே விதை விதைத்தால்

உறவு நெருங்கிய வகைகளை ஒரு நாடு முழுவதும் பரப்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதற்கு அமெரிக்காவில் அயோவா மாகாணத்து ஓட்ஸ் பயிரின் அனுபவம் தக்க உதாரணம். கிரீடத்துரு என்னும் நோயைத் தாங்குவதற்காக, உருகுவே தேசத்திலிருந்து வந்த "விக்டோரியா" என்ற ஓட்ஸ் வகையைக் கலப்புக்கு உபயோகித்தார்கள். அதன் சந்ததிகள் நன்றாக விளைந்து, 1940களில் பெரும்பரப்பில் பரவின. 1946ஐ ஒட்டிய வருஷங்களில் விக்டோரியாக் கருகல் என்ற புது நோய் தோன்றி அந்தச் சந்ததிகளையே தேடித்தேடி அழித்தது. துருநோயைத் தடுத்த அதே குணமே புது நோய்க்கு வாசலாயிருந்தது. பெயர்கள் பலவாயிருந்தும் குடும்பம் ஒன்றாயிருந்தபடியால் எல்லாம் ஒருங்கே விழுந்தன.

அந்த நஷ்டத்திலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டதும் கவனிக்கத்தக்கது. பிரௌனிங், பிரே முதலிய விஞ்ஞானிகள் உயரம், வயது, மணி எல்லாம் ஏறக்குறைய ஒத்திருந்து, துருநோய் தாங்கும் கூறு மாத்திரம் வெவ்வேறாயுள்ள சகோதர வரிசைகளை உண்டாக்கி, அவற்றின் விதைகளைக் கலந்து ஒரே வகைபோல் விதைக்கும்படி 1968 முதல் வெளியிட்டார்கள். ஒரு வரிசையை நோய் தாக்கினாலும் பக்கத்துச் செடி அதற்குத் தடையாக நிற்கும். வயல் முழுவதும் ஒரே நாளில் அழியாது.

சகோதர வகைகள் சாதாரண காலத்தில் ஒன்றாயிருந்து ஆபத்துக் காலத்தில் பிரிவதற்கு இந்தியாவிலேயே இன்னொரு சான்று உண்டு. "சுவர்ணா" நெல்லோடு, ஒரிஸ்ஸா நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த வெள்ளம் தாங்கும் கூறு ஒன்றைச் சேர்த்து உண்டான "சுவர்ணா சப் 1" 2009இல் வெளியாயிற்று. வெள்ளம் இல்லாத வருஷத்தில் இரண்டுக்கும் பேதம் காண்பது அரிது. பயிர் இரண்டு வாரம் நீரில் முழுகினால் ஒன்று அழுகும்; மற்றது துளிர்க்கும். நல்ல வருஷத்தில் மாத்திரம் பரீட்சை செய்தவர் இந்த வித்தியாசத்தை ஒருகாலும் கண்டிருக்கமாட்டார்.

விவசாயி தாமே செய்யக்கூடிய பரீட்சை

ஆராய்ச்சி நிலையங்கள் புது வரிசைகளைப் பல இடங்களிலும், பின்னர் விவசாயிகளின் வயல்களிலும் நட்டுப் பார்த்தே வெளியிடுகின்றன. ஆயினும் ஒவ்வொரு கிராமத்தின் ஒவ்வொரு மடையிலும் பரீட்சை நடத்துவது எந்த நிலையத்துக்கும் சாத்தியமன்று. மிச்சத்தை நிலத்துக்குடையவரே செய்துகொள்ளவேண்டும். அது கடினமான காரியமன்று.

முதலாவது, சான்று பெற்ற விதையாக வாங்கவேண்டும். சான்று விதைக்கு நீல அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும் கட்டப்பட்டிருக்கும். கலப்பு விதையைக் கொண்டு பரீட்சை செய்தால், வகையின் குணம் எது, கலப்பின் குற்றம் எது என்று தெரியாமற் போகும்.

இரண்டாவது, ஏற்கெனவே பயிரிடும் வகையையும், அதற்கு உறவான ஒன்றையும், முடிந்தால் மூன்றாவது ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்து சென்டில் மூன்று பாத்திகள் ஒதுக்கவேண்டும். ஒரே வகையின் மூன்று பாத்திகளும் பக்கம்பக்கமாயிராமல் இடம் மாறி அமையவேண்டும். இல்லாவிட்டால் மடையருகேயுள்ள வளமான மண் ஒரே வகைக்குச் சாதகமாய்ப் போய்விடும். நாற்றங்கால் தேதி, நாற்றின் வயது, இடைவெளி, உரம் எல்லாம் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

மூன்றாவது, சாரல் காரில் தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டக்கூடாது. வெயில் குறைந்த காலத்தில் மிகுதியாக இட்ட யூரியா மணியாக மாறாமல் இலையாகப் பெருகி, குலைநோயையும் சாய்வையும் வரவழைக்கும். பிரித்துப் பிரித்து, பயிரின் நிறம் பார்த்து இடவேண்டும்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நட்ட தேதி, பாதிக் கதிர் வெளிவந்த தேதி, கழுத்துக் குலைநோய் கண்ட கதிர்கள் நூற்றுக்கு எத்தனை, ஆடிக் காற்றில் சாய்ந்ததா, தண்ணீர் எத்தனை நாள் நின்றுபோயிற்று என்பவற்றைக் குறித்துவரவேண்டும். எடை மாத்திரம் குறித்தால், மகசூல் ஏன் குறைந்தது என்பதை அடுத்த வருஷம் ஞாபகத்திலிருந்து சொல்ல முடியாது.

ஐந்தாவது, அறுவடையின்போது பாத்தியின் ஓரத்து வரிசைகளை விட்டு, நடுவில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தை அளந்து, கயிறு கட்டி, அதைத் தனியே அறுத்து அடித்துக் காயவைத்து நிறுக்கவேண்டும். அந்தச் சதுரத்தில் கிடைத்த ஒரு கிலோ, ஏக்கருக்குச் சுமார் 162 கிலோவுக்குச் சமம். சதுரத்தில் 12 கிலோ கண்டால் ஏக்கருக்குச் சுமார் 1940 கிலோ என்று கொள்ளலாம்.

ஆறாவது, குறைந்தபட்சம் இரண்டு காரும் இரண்டு பிசானமும் பார்த்தபின்னரே முடிவு செய்யவேண்டும். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்ற பழமொழி பிள்ளைகளுக்குப் பொருந்தலாம்; நெல் வகைகளின் நிலைத்த தன்மை முளையிலும் தெரியாது, ஒரு போகத்திலும் தெரியாது. முடிவு செய்யும்போது மேலான எண்ணை முதலிற் பாராமல், கீழான எண்ணை முதலிற் பார்க்கவேண்டும். அந்தக் கீழான எண் செலவைத் தாங்குமா என்பதே முதற் கேள்வி. தாங்கும் வகைகளுக்குள் சராசரி உயர்ந்ததைத் தெரிந்தெடுக்கலாம்.

நிலையான தண்ணீரும் கைமுதலும் உள்ளவர், பிசானத்துக்கு நல்ல இடத்தில் பாய்ந்து ஏறும் வகையை இடலாம். கடைமடை நிலம் ஒன்றையே நம்பிக் குத்தகைக்குச் செய்பவருக்கு, கெட்ட காலத்தில் விழாத வகையே துணை. இரண்டு விதமான நிலமும் உடையவர் இரண்டு வகைகளையும் பிரித்து விதைப்பதே புத்திசாலித்தனம். குண்டு அரிசிக்கும் சன்ன அரிசிக்கும் கிடைக்கும் விலை வேறானால் அதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். விற்க முடியாத நெல் எவ்வளவு நிலையாய் விளைந்தும் பயனில்லை.

கிராம அதிகாரிகளின் உதவி

ஒருவர் வயலிற் கண்ட எண் ஓரிடத்தின் எண். அடிவாரத்திலிருந்து கடைமடை வரை பத்துப் பேர் ஒரே வகைகளை ஒரே முறையில் நட்டுக் குறித்தால், அது ஒரு பிர்க்காவின் பரீட்சையாகிவிடும். இங்கே கிராம நிர்வாக அலுவலர்களும் விவசாய உதவி அலுவலர்களும் பெரிய உபகாரம் செய்யக்கூடும். அடங்கலில் நெல் என்று எழுதுவதோடு, இன்ன ரகம் என்பதையும் பக்கத்தில் குறித்துவந்தால், எந்த ஊரில் எந்த வகை எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். பயிர் அறுவடைப் பரிசோதனைக்குச் சதுரம் அறுக்கும்போதும் ரகத்தின் பெயரைக் கேட்டு எழுதவேண்டும். சில வருஷக் கணக்குகளைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால், எந்த வகை எந்த மடையில் விழுகிறது, எதில் நிற்கிறது என்பது தானே விளங்கும். ஊரில் முக்கால் பங்கு நிலம் ஒரே வகைக்குப் போய்விட்டதென்று அடங்கல் காட்டினால், அது முன்னெச்சரிக்கை. நோய் வந்தபின் நிவாரணத்துக்கு மனு எழுதுவதைவிட, நாற்று விடுமுன் விதையைப் பிரிப்பது சுலபம்.

குற்றாலத்து அருவி ஒரு வருஷம் ஆனி பிறக்குமுன்னரே கொட்டும். ஒரு வருஷம் ஆடி முடியும் மட்டும் பாறை காய்ந்து கிடக்கும். அதை எந்த விவசாயியும் தம் இஷ்டப்படி திருப்ப முடியாது. ஆனால் அருவி விழுந்தாலும் விழாவிட்டாலும் தம் வயலில் எந்த நெல் எவ்வளவு தரும் என்பதை, ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு கயிறும், ஒரு தராசும் கொண்டு அறிந்துகொள்ளமுடியும். வரும் காருக்கு நாற்றங்கால் தயார் செய்யும்போதே, பதினைந்து சென்டு நிலத்தை உடன்பிறந்த வகை ஒன்றுக்கும், அதே அளவு நிலத்தைப் பழைய வகைக்கும் ஒதுக்கி இந்தப் பரீட்சையைத் தொடங்கலாம். நாலு போகம் கழித்து அந்த நோட்டுப் புத்தகம் சொல்லும் புத்தி, அந்த நிலத்துக்கென்றே எழுதிய புத்தியாயிருக்கும்.